எஸ்.ஆர். சுகர் மாத்திரை வயிற்றுக்குள் என்ன செய்கிறது? மருந்துக்கடைக் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவுண்டருக்கு உள்பக்கம் நின்று பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய கேள்விகள் இவை. பெரும்பாலும் மெட்ஃபார்மினைப் பற்றியவை, ஏனென்றால் நீரிழிவுக்காரர்களின் கையில் இருக்கும் எஸ்.ஆர். அட்டைகளில் பெரும்பாலானவை அதுதான். எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று முடிவு செய்வது உங்கள் மருத்துவர். விழுங்கிய பிறகு அந்த மாத்திரை என்ன செய்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., எம்.ஆர். என்றெல்லாம் போட்டிருக்கிறதே, எல்லாம் ஒன்றா?

ஒரே குடும்பம். மருந்தை மொத்தமாகக் கொட்டாமல் பல மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் மாத்திரை என்பதுதான் இந்த எழுத்துகளின் பொருள். எந்த எழுத்தைப் போடுவது என்பது கம்பெனியின் விருப்பம். எழுத்து எதுவானாலும், அது இருந்தால் அந்த மாத்திரையை உடைக்கும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பெயரோடு 1, 2 என்று எண் வந்தால் அது பெரும்பாலும் கூடவே சேர்த்திருக்கும் கிளிமிபிரைடு என்ற மற்றொரு சுகர் மருந்தின் மில்லிகிராம் அளவு. மெட்ஃபார்மினின் அளவு 500, 850, 1000 என்று தனியாக இருக்கும்.

சாதாரண மெட்ஃபார்மினில் இருப்பது வேறு மருந்தா?

இல்லை, அதே மருந்துதான். 1922இல் டப்ளினில் முதன்முதலில் தயாரிக்கப்பட்டு, 1957இல் பாரிசில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நீரிழிவுக்குப் பயன்படும் என்று எழுதிய அதே மெட்ஃபார்மின். மாறியிருப்பது அதைச் சுமந்துசெல்லும் மாத்திரையின் உடம்பு.

மாற்ற வேண்டிய தேவை மருந்தின் குணத்திலேயே இருக்கிறது. மெட்ஃபார்மின் தண்ணீரில் உப்பைப் போலக் கரைந்துவிடும். சாதாரண மாத்திரையை விழுங்கினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகிறது. கல்லீரல் அதை உடைப்பதில்லை. சிறுநீரகம் அதை அப்படியே வடித்து வெளியேற்றுகிறது. இரத்த நீரில் இருக்கும் அளவு ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. அதனால்தான் சாதாரண மாத்திரையை இரண்டு அல்லது மூன்று வேளை போடச் சொல்கிறார்கள். மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் குடலின் மேல்பகுதியில் போய் இறங்குவதால் சிலருக்குக் குமட்டல், வயிற்றுப் பொருமல், ஓடி ஓடிக் கழிவறைக்குப் போகும் நிலை. 'மெட்ஃபார்மின் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று மாத்திரையை விட்டவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது அந்த வேகம்தான்.

எஸ்.ஆர். மாத்திரையில் அதே அளவு மருந்து, சுமார் 7 மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வருகிறது. அந்த உச்சமும் சற்றுத் தாழ்வானது.

அப்படி மெதுவாக விட மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு தம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் சாதாரண மெட்ஃபார்மினையும் மற்றொன்றில் எஸ்.ஆர். மாத்திரையையும் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சாதாரண மாத்திரை கொஞ்ச நேரத்தில் உதிர்ந்து அடியில் மாவாகப் படியும். எஸ்.ஆர். உதிராது. முதலில் மேல்தோல் வழுவழுப்பாகும். பிறகு ஓரங்கள் உப்பி, கண்ணாடி போன்ற ஒரு கூழ் வளையம் சூழ்ந்துகொள்ளும், நடுவில் வெள்ளையாக ஒரு கரு தெரியும். காலையில் போட்டதை மாலையில் பார்த்தால் கரு சிறுத்திருக்கும், கூழ் தடித்திருக்கும். கரண்டியால் தொட்டால் ஊறவைத்த பாதாம் பிசின் மாதிரியே நழுவும்.

பாதாம் பிசின் தண்ணீரைக் குடித்து உப்புவது போலத்தான் இதுவும். மரக்கூழிலிருந்து பெறும் செல்லுலோசை மாற்றியமைத்துச் செய்யும் ஹைப்ரோமெல்லோஸ் என்ற பசைப்பொருள் மருந்தோடு கலந்து அழுத்தப்பட்டிருக்கிறது. தண்ணீர் பட்டதும் வெளிப்பரப்பு கூழாகிறது. உள்ளே இருக்கும் மருந்து அந்தக் கூழுக்குள் நீந்தித்தான் வெளியே வந்தாக வேண்டும். கூழ் தடிக்கத் தடிக்கப் பாதையும் நீள்கிறது. ஆகவே முதல் மணி நேரத்தில் கொஞ்சம் தாராளமாகவும் பிறகு கஞ்சத்தனமாகவும் மருந்து வரும். இவ்வளவு எளிதில் கரையும் ஒரு மருந்தைக் கட்டிப்போட நிறையப் பசை வேண்டியிருக்கிறது. 500 எஸ்.ஆர். மாத்திரை சாதாரண 500ஐ விடப் பருமனாக இருப்பது அதனால்தான். '500தானே, ஏன் இவ்வளவு பெரிது?' என்று கேட்பவர்களிடம் 'பாதிக்குப் பாதி பசை' என்று சொல்வேன். மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

வேறொரு வகையும் உண்டு. கிளிபிசைட் என்ற வேறொரு சுகர் மருந்தின் நீடித்த வடிவம் ஒன்றில் மாத்திரையைச் சுற்றித் தண்ணீரை உள்ளே விடும், ஆனால் தான் கரையாத ஓடு ஒன்று இருக்கும். ஓட்டில் லேசரால் துளைத்த கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை. உள்ளே இரண்டு அடுக்கு: ஒன்று மருந்து, மற்றொன்று தண்ணீர் பட்டால் உப்பும் பொருள். கீழடுக்கு உப்ப உப்ப, மேலடுக்கில் இருக்கும் மருந்து துளை வழியாகப் பிதுங்கி வெளியேறுகிறது. இடியாப்ப உரலை நினைத்துக்கொண்டால் போதும், கைப்பிடியை அழுத்துவது மட்டும் இங்கே தண்ணீர். மெட்ஃபார்மினையும் இந்த முறையில் சில கம்பெனிகள் செய்திருக்கின்றன.

இரவுச் சாப்பாட்டோடுதான் போட வேண்டுமா? வெறும் வயிற்றில் போட்டால் என்ன?

சாப்பாடு முக்கியம், அதுவும் வயிற்றைக் காப்பாற்றுவதற்காக மட்டுமல்ல. மெட்ஃபார்மின் பெரும்பாலும் சிறுகுடலின் மேல்பகுதியில்தான் உடம்புக்குள் ஏறுகிறது. கீழே போகப் போக ஏறுவது குறைந்துவிடும். எட்டு மணி நேரம் மருந்து விடப்போகும் மாத்திரை ஒரு மணி நேரத்தில் அந்த இடத்தைத் தாண்டிவிட்டால், மீதி மருந்து பெருங்குடலில் வீணாக இறங்கும். அதனால் அது முடிந்தவரை இரைப்பையிலேயே தங்கி, மேலிருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே அனுப்ப வேண்டும்.

தங்கவைப்பது சாப்பாடுதான். உணவு இருக்கும்போது இரைப்பையின் கீழ்வாசல் நன்றாக அரைபட்ட சிறு துகள்களை மட்டும் வெளியே விடும். உப்பிய மாத்திரை போன்ற பெரிய பொருள் உள்ளேயே காத்திருக்க வேண்டும். வெறும் வயிறாக இருந்தால் கதை வேறு. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையைத் துடைத்துத் தள்ளும் ஒரு சுருக்க அலை வருகிறது, வீட்டைப் பெருக்கித் தள்ளுவது போல. அந்த அலையில் மாத்திரையும் அடித்துக்கொண்டு போய்விடலாம். அமெரிக்காவில் 2000இல் அனுமதி பெற்ற மெட்ஃபார்மின் எக்ஸ்.ஆர். மாத்திரையை உணவோடு எடுத்தபோது, வெறும் வயிற்றில் எடுத்ததைவிட உடம்பில் ஏறிய அளவு சுமார் 50 சதவீதம் கூடியது. சாதாரண மெட்ஃபார்மினில் இது நேர்மாறு: உணவு அதைச் சற்றுக் குறைக்கிறது.

இரவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இரவு எட்டரைக்குச் சாப்பாட்டோடு போட்டால் உச்சம் மூன்றரை மணியை ஒட்டி வரும். நாம் தூங்கும்போது கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கு அளவுக்கு மீறி. மெட்ஃபார்மினின் முக்கிய வேலை அதை அடக்குவதுதான். காலையில் வெறும் வயிற்றுச் சுகர் குறைவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

ஒரு கவளம் சோறும் ஒரு வாய் மோரும் சாப்பாடாகாது. மாத்திரையைச் சாப்பாட்டின் நடுவிலோ முடிவிலோ தண்ணீரோடு விழுங்குங்கள். இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கு 'இரவு' எது என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளலாம். கடிகாரத்தைவிடப் பெரிய சாப்பாடு எது என்பது முக்கியம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: கிளிக்லசைட் எம்.ஆர். மாத்திரையைக் காலை உணவோடு போடச் சொல்வார்கள். அது இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. சாப்பிடுகிற பகல் நேரத்தில்தான் அதன் வேலை அதிகம் தேவை.

மலத்தில் மாத்திரை அப்படியே வருகிறது. மருந்து வேலையே செய்யவில்லையா?

அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா ஒருமுறை நாளிதழ்த் துண்டில் பொட்டலம் கட்டி எடுத்து வந்து கவுண்டரில் வைத்தார். "தம்பி, முழுசாக வந்திருக்கிறது. இது போலி மாத்திரை, காசைத் திருப்பிக் கொடுங்கள்." பிரித்துப் பார்த்தேன். வடிவம் மாத்திரை வடிவம்தான், நிறம் மட்டும் வெளுத்திருந்தது. குண்டூசியால் குத்தியதும் உள்ளே வெறும் மெத்தென்ற கூழ். சக்கை. மருந்து முழுக்க உள்ளே போய்விட்டது என்று சொன்னேன். அவர் நம்பாமல், 'உங்கள் கடைச் சரக்கை நீங்கள் விட்டுக்கொடுப்பீர்களா?' என்றார். அடுத்த மாதம் அவருடைய ஹெச்.பி.ஏ.1சி (கடந்த சில மாதச் சராசரிச் சுகர்) அறிக்கை குறைந்து வந்த பிறகுதான் சமாதானமானார்.

மேலே சொன்ன பசையும் ஓடும் உடம்பில் செரிப்பதில்லை. மருந்தை விட்டுவிட்டுச் சிலருக்குக் கரைந்து மறையும், சிலருக்கு உருவம் மாறாமல் வெளியேறும். மாத்திரையோடு வரும் தகவல் தாளிலேயே இது எழுதியிருக்கும். யார் அதைப் படிக்கிறார்கள்? கடுமையான வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் மாத்திரை நேரத்துக்கு முன்பே வெளியேற வாய்ப்பு உண்டு. அப்போது வேறு காரணத்துக்காகவும் மருத்துவரைக் கேட்க வேண்டும், கீழே வருகிறது.

பெரிதாக இருக்கிறது, தொண்டையில் இறங்கவில்லை. பாதியாக உடைக்கலாமா? பொடித்துத் தேனில் குழைக்கலாமா?

பொடிக்கவே கூடாது. மெல்லவும் கூடாது. பொடித்த உடனே பசையின் கட்டு போய்விடுகிறது, மணிக்கணக்கில் வர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்குகிறது. மெட்ஃபார்மின் என்றால் வயிறு கலங்கும், அடுத்த நாள் காலைக்கு மருந்தும் மிச்சமிருக்காது. கிளிபிசைட் போன்ற இன்சுலினைத் தூண்டும் மருந்தின் நீடித்த வடிவத்தைப் பொடித்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து ஆளை விழவைக்கலாம். இடியாப்ப உரல் வகையை உடைத்தால் அதன் வேலையே முடிந்துவிட்டது.

உடைப்பது என்றால், நடுவில் கோடு போட்டு, உடைக்கலாம் என்று தாளில் தெளிவாக எழுதியிருக்கும் மாத்திரைகள் சில உண்டு. கிளிக்லசைட் எம்.ஆர். 60 மில்லிகிராமில் ஒரு வகை அப்படி. அதையும் பாதியாக்கலாமே தவிரப் பொடிக்க முடியாது. கோடு இருப்பதாலேயே உடைக்கலாம் என்று பொருளில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விழுங்க முடியவில்லை என்பது சங்கடப்பட வேண்டிய விஷயமே இல்லை, குறிப்பாகப் பக்கவாதம் வந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும். 1000 எஸ்.ஆர். ஒன்றுக்குப் பதில் 500 எஸ்.ஆர். இரண்டு கொடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் சாதாரண மாத்திரைக்கே மாறலாம், திரவ வடிவிலும் மெட்ஃபார்மின் உண்டு. வீட்டில் இடிகல்லை எடுப்பதற்கு முன் இந்த மூன்று வழியும் இருக்கிறது.

எஸ்.ஆர். என்றால் சக்தி அதிகமா? மருத்துவர் சாதாரண மாத்திரையிலிருந்து மாற்றினால் நோய் முற்றிவிட்டது என்று பொருளா?

இரண்டும் இல்லை. ஒரே மொத்த அளவில் இரண்டும் சர்க்கரையை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறைக்கின்றன. மாற்றுவது வயிற்றுக்காகவும், ஒரு வேளையோடு முடிவதற்காகவும். மூன்று வேளை மாத்திரையில் மதிய வேளையை மறக்காத மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் மாத்திரை இரண்டு நிறத்தில், ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. அது என்ன?

இங்கே மிக அதிகமாக விற்பது இதுதான். ஓர் அடுக்கில் கிளிமிபிரைடு, உடனே கரையும். மற்றோர் அடுக்கில் மெட்ஃபார்மின், கூழாகி மெதுவாக விடும். இதிலும் மெட்ஃபார்மின் பக்கம் எஸ்.ஆர். என்பதால் பொடிக்கும் தடை அப்படியே பொருந்தும். ஆனால் நேரம் வேறு: கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்கவைப்பதால் இதைக் காலை உணவுக்குச் சற்று முன்பு அல்லது உணவோடு போடச் சொல்வார்கள். போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. கல்யாண வீட்டுப் பந்திக்குக் காத்திருந்து மயங்கியவர்கள் உண்டு.

கிளிமிபிரைடும் ஒரு நாளைக்கு ஒன்றுதானே, அதுவும் எஸ்.ஆர். தானா?

இல்லை. அது இயல்பிலேயே நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து, மாத்திரையில் எந்தத் தந்திரமும் இல்லை. சிட்டாகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகளும் அப்படித்தான். இவற்றோடு மெட்ஃபார்மின் எஸ்.ஆர். சேர்ந்து வரும்போது மட்டும் உடைக்கக் கூடாது.

மெதுவாக விடும் மாத்திரையால் லோ சுகர் வந்தால்?

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு, வழக்கம்போலச் சாப்பிடுகிற வரை, லோ சுகர் வருவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்லசைட், கிளிபிசைட், இன்சுலின் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தால் வரலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி. உடனே 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, பிறகு சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டோம், முடிந்தது என்று தனியாகப் படுக்கக் கூடாது. நீடித்து வேலை செய்யும் மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது, சில மணி நேரத்தில் மறுபடியும் தாழலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108க்கு அழையுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது. அட்டையில் வோக்லிபோஸ் என்ற பெயரும் இருந்தால் வீட்டுச் சர்க்கரை சரியாக உதவாது. சர்க்கரையைக் குடலில் உடைக்கும் நொதியைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலை. அவர்கள் குளுக்கோஸ் பொடியையே கையில் வைத்திருக்க வேண்டும். மிட்டாயும் வேண்டாம், வெல்லமும் வேண்டாம்.

இரவு மறந்துவிட்டேன். காலையில் இரண்டாகப் போடலாமா?

கூடாது. விட்டது விட்டதுதான், அடுத்த வேளை வழக்கமான அளவு.

ரமலான் நோன்பு, சஷ்டி, ஏகாதசி விரத நாட்களில்?

ரமலானில் ஒரு வேளை மெட்ஃபார்மின் எஸ்.ஆர். எடுப்பவர்களுக்குப் பொதுவாக நோன்பு திறந்த பிறகான உணவோடு போடச் சொல்கிறார்கள். உடன் வேறு மருந்து இருந்தால் அளவை மாற்ற வேண்டியிருக்கும், நோன்பு தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே போய்ப் பாருங்கள். முழுப் பட்டினி விரதத்தில், சாப்பாடே இல்லாத நாளில் கிளிமிபிரைடு கலந்த இரட்டை நிற மாத்திரையைப் பக்தியோடு விழுங்குவது ஆபத்து.

சிறுநீரகம் பழுதாகிவிடும் என்கிறார்களே?

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் வேறு காரணத்தால் ஏற்கெனவே கெட்டிருந்தால் மெட்ஃபார்மின் வெளியேற வழியில்லாமல் உடம்பில் தேங்குகிறது, அபூர்வமாக இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிக்கிறது என்பதைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற அளவைப் பார்க்கிறார்கள்: 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது, 30க்கும் 45க்கும் இடையில் அளவைக் குறைப்பார்கள். எஸ்.ஆர். என்பதால் இதில் சலுகை எதுவும் இல்லை.

கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சலில் தண்ணீர் வற்றிய நிலை, பெரிய அறுவைச் சிகிச்சை இந்த நேரங்களில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். அயோடின் சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்கப் போனால், கேட்காவிட்டாலும் நீங்களே 'மெட்ஃபார்மின் எடுக்கிறேன்' என்று சொல்லுங்கள். மதுவும் இதே லாக்டிக் அமிலத் தொல்லையைக் கூட்டும்.

பல வருடமாகப் போடுகிறேன், கால் மதமதப்பாக இருக்கிறது.

நீரிழிவால் வரும் நரம்புக் கோளாறாக இருக்கலாம். ஆனால் நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதும் உண்டு, அதன் அறிகுறியும் இதே மதமதப்புதான். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயத்தை, சுகர்க் கால் என்று எண்ணி வருடக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2020இல் அமெரிக்காவில் இந்த மாத்திரையைத் திரும்பப் பெற்றார்களாமே?

ஆம். புற்றுநோய் அபாயம் உள்ள என்.டி.எம்.ஏ. என்ற மாசு, ஒரு நாளைக்கு 96 நானோகிராம் என்ற வரம்பைத் தாண்டி, சில கம்பெனிகளின் நீடித்த வடிவ மெட்ஃபார்மினில் இருந்ததாக அந்த ஆண்டு மே மாதம் அங்கே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. அந்தச் சரக்குகள் திரும்பப் பெறப்பட்டன. தாமாக மருந்தை நிறுத்த வேண்டாம், மாற்று கிடைக்கும் வரை தொடருங்கள் என்றும் அதே அமைப்பு சொன்னது. குறை அந்தத் தயாரிப்புகளில் இருந்தது, மெட்ஃபார்மினில் அல்ல.

கடையில் 'அது இல்லை, இதே மருந்துதான்' என்று வேறு பெயரில் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

மருந்தின் பெயர், மில்லிகிராம், பின்னால் இருக்கும் எஸ்.ஆர். எழுத்து மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். எங்கள் தரப்பில் அதிகம் நடக்கும் பிழை மூன்றாவதில்தான்: எஸ்.ஆர். எழுதிய சீட்டுக்குச் சாதாரணம் போய்விடும், அல்லது நேர்மாறாக. பத்து மாத்திரை அட்டையிலிருந்து நான்கை வெட்டிக் கொடுக்கும்போது எழுத்து இருக்கும் பகுதி கடையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. பெயரும் காலாவதி தேதியும் இருக்கும் துண்டாக வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளித்தாலும் தருவார்கள்.